டிக்கியில் ஒரு டிடெக்டர்: காசு தேடிப் போன மூணு நாள்

போன தை மாசம், பொங்கல் லீவோட ஒரு நாள் சேர்த்துப் போட்டுக்கிட்டு, பெங்களூரிலிருந்து தனியா கார்ல கிளம்பினேன். டிக்கியில் ஒரு மெட்டல் டிடெக்டர், ஒரு களைக்கொத்து, ஒரு நோட்டு. சேலம், நாமக்கல் வழியாக் கரூர். அங்கிருந்து நொய்யல் பக்கமாக் கொடுமணல். கடைசியா கோவையை ஒட்டி இருக்கிற வெள்ளலூர். வீடு திரும்பும்போது எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல ஓடியிருந்தது. "நாற்பத்தஞ்சு வயசுல ஐயா புதையல் எடுக்கப் போறாராம்" என்று வீட்டில் ஒரே சிரிப்பு.

கிடைச்சது ஒரே ஒரு செப்புக்காசு. அதை எடுத்த விதத்தில் நான் ஒரு தப்பு பண்ணினேன். அது என்ன தப்பு, ஏன் அது சின்னத் தப்பு இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இந்த வழி?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய வாசல். மேற்குக் கடற்கரையில் இறங்கிய சரக்கு இந்த வாசல் வழியா உள்ளே வந்து, கொங்கு நாட்டைக் கடந்து கிழக்கே போயிருக்கு. அதனால்தான் இந்தப் பகுதியில் ரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைச்சிருக்கு. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ஒரு புதையலில் மட்டும் 522 வெள்ளிக்காசுகள். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. சேரர்களின் வஞ்சி கரூர்தான் என்று பல ஆய்வாளர்கள் சொல்றாங்க. கரூருக்குப் பக்கத்தில் புகழூர் ஆறுநாட்டார் மலையில் இரும்பொறை மன்னர்களின் பெயர் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டே இருக்கு. காசு மேல ஆசை இருக்கிறவனுக்கு இதைவிட நல்ல ரூட் வேற கிடையாது.

மெஷின் என்ன செய்யுது?

டிடெக்டர் தங்கத்தையோ பழமையையோ கண்டுபிடிக்காது. அதுக்குத் தெரிஞ்சது மின்சாரம் மட்டும்தான். கீழே இருக்கிற வட்டத் தட்டுக்குள்ள ரெண்டு கம்பிச்சுருள். ஒண்ணு, நொடிக்குச் சில ஆயிரம் தடவை திசை மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பும். அங்கே உலோகம் இருந்தா அதுக்குள்ள சின்னச் சின்ன சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தங்கள் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். ரெண்டாவது சுருள் அதைக் கேட்கும்.

பதில் எவ்வளவு பலமா வருது என்பதைவிட, எவ்வளவு தாமதமா வருது என்பதுதான் முக்கியம். நல்லாக் கடத்தும் வெள்ளிக்கும் கனமான செம்புக்கும் தாமதம் அதிகம். மெல்லிய ஃபாயில் தாளுக்கும் சின்னத் தங்கத்துக்கும் குறைவு. இரும்பு காந்தத்தன்மை உள்ளது என்பதால் வேற மாதிரி பதில் சொல்லும். இந்தத் தாமதத்தைத்தான் மெஷின் ஒரு எண்ணாக மாத்தித் திரையில் காட்டுது. நம்ம செம்மண்ணில் இரும்புச்சத்து இருக்கிறதால மண்ணே சத்தம் போடும். அதைக் கழிக்கிறதுக்குத் தனியா ஒரு ட்யூனிங் உண்டு.

வாங்கின புதுசுல அம்மா வீட்டுக் கொல்லையில் சோதனை பண்ணிப் பார்த்தேன். இப்போ புழக்கத்தில் இருக்கிற ஸ்டீல் ஒரு ரூபாயை இரும்புன்னு சொல்லிச்சு. மாத்திரை அட்டைத் துண்டுக்கும் சின்ன மோதிரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். ஒரு சாயங்காலம் முழுக்கத் தோண்டி எடுத்தது சோடா மூடி, ஆணி, செருப்பு பக்கிள். சாஃப்ட்வேர்காரனுக்குப் புரியற பாஷையில் சொன்னா, பத்து அலாரத்தில் ஒன்பது பொய் அலாரம்.

சட்டம் என்ன சொல்லுது?

கிளம்புறதுக்கு முன்னாடி படிச்சது இது. இந்தியப் புதையல் சட்டம் 1878ஆம் வருஷத்தது, இன்னும் நடைமுறையில் இருக்கு. மண்ணுக்குள் மறைஞ்சிருந்து கிடைக்கும் மதிப்புள்ள எதுவும் புதையல்தான். மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல இருந்தா, என்ன கிடைச்சது, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்கணும். மறைச்சா ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது ரெண்டும். யாரும் உரிமை கொண்டாடாவிட்டால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கம் வேணும்னு நினைச்சா, பணம் கொடுத்துத் தானே எடுத்துக்கலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டவே கூடாது.

அதனால் ரெண்டு விதி வெச்சுக்கிட்டேன். ஒண்ணு, தொல்லியல் இடங்களில் டிக்கியைத் திறக்கிறதில்லை. ரெண்டு, நிலத்துக்காரர் சம்மதம் இல்லாம மண்ணைத் தொடறதில்லை. மூணாவதா ஒரு விதி இருந்திருக்கணும். அது அப்போ எனக்குத் தோணல.

அமராவதிக் கரை

கரூரில் ஆத்துப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. "ஏனுங்க, ஆத்துல பழைய காசு கிடைக்கும்னு சொல்றாங்களே?" என்று கேட்டேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் சிரிச்சார். "முன்னெல்லாம் மணல் சலிக்கறவங்களுக்குக் கிடைக்குமுங்க தம்பி. இப்ப மணலே இல்லீங்களே."

சங்ககாலச் சேரர் காசுகள் பலவும் இந்த ஆத்துப் படுகையிலிருந்து வந்தவை. மன்னர் முகமும் 'மாக்கோதை' என்ற தமிழ் பிராமி எழுத்தும் பொறிச்ச வெள்ளிக்காசுகள், 'கொல்லிப்பொறை' என்று எழுதின காசுகள் எல்லாம் தமிழக வரலாற்றுக்குப் பெரிய ஆதாரங்கள். ஆனா ஆறு எதையும் வெச்ச இடத்தில் வைக்காது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது, பக்கத்தில் என்ன பானை ஓடு இருந்தது என்று எதுவும் தெரியாது. எழுத்தின் வடிவையும் முகத்தின் பாணியையும் வெச்சுத்தான் காலம் சொல்ல வேண்டியிருக்கு. எழுத்தை வெச்சுக் காசுக்குக் காலம் சொல்லி, அதே காசை வெச்சு எழுத்துக்குக் காலம் சொன்னா, சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வருவோம்.

மறுநாள் கொடுமணலில் பார்த்தது இதுக்கு நேர் எதிர். 1980களிலிருந்து அங்கே பல தடவை முறையா அகழாய்வு நடந்திருக்கு. கல்மணி செய்த இடம், இரும்பு உருக்கிய உலை, எழுத்துப் பொறிச்ச பானை ஓடு எல்லாத்துக்கும் குழி எண் உண்டு, ஆழம் உண்டு. ஒரு துண்டு ஓட்டுக்குக்கூட விலாசம் இருக்கு. டிக்கி மூடியே இருந்தது.

ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு

அன்னிக்குச் சாயங்காலம் நண்பன் ஒருத்தனோட பெரியப்பா தோட்டத்துக்குப் போனேன். ஊர் பேரை எழுதப் போறதில்லை. எழுதினா அடுத்த வாரமே நாலு பேர் மெஷினோட அங்கே போய் நிப்பாங்க. சோளம் அறுத்த மானாவாரிக் காடு. "தாராளமாப் பாருங்க தம்பி, எங்கப்பன் தொலைச்ச வெள்ளி அரைஞாண் கெடச்சாலும் கெடைக்கும்" என்றார் பெரியப்பா.

முக்கால் மணி நேரம் ஆணியும் கம்பியும்தான். அப்புறம் ஒரு பீப். மேலே இருந்து பார்த்தாலும் பக்கவாட்டில் பார்த்தாலும் எண் மாறவே இல்லை. எனக்குக் கை நடுங்கிச்சு. களைக்கொத்தால் நாலு போடு. மண்கட்டி பெயர்ந்து வந்தது. கூடவே ரெண்டு மூணு ஓட்டுச்சில்லு. அதைத் தூக்கி வரப்புல வீசிட்டுக் கட்டியை உடைச்சேன். சதுரமா, நகத்தளவு, பச்சை பூத்த செம்பு. ஒரு பக்கம் யானை மாதிரி ஒரு உருவம், மறுபக்கம் தேய்ஞ்சுபோயிருந்தது.

பெரியம்மா எட்டிப் பார்த்துட்டு, "குடுங்க தம்பி, புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆயிரும்" என்றார். நல்லவேளை, அதையாவது தடுத்தேன். அந்தப் பச்சைப் படலம்தான் காசின் தோல். புளி அதை அரிச்சு எடுத்துட்டா மேலே மிச்சம் இருக்கிற உருவமும் கூடவே போயிடும்.

ராத்திரி லாட்ஜில் நோட்டைத் திறந்து எழுத உட்கார்ந்தப்பதான் உறைச்சது. ஆழம் எவ்வளவு? "ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு." இதுவா அளவு? டிராக்டர் கலப்பை புரட்டுற மேல்மண்ணில் இருந்ததா, அதுக்குக் கீழே கலையாத மண்ணில் இருந்ததா? மேல்மண்ணுன்னா பெரிய நஷ்டமில்லை, அது ஏற்கெனவே புரண்ட மண். கீழ்மண்ணுன்னா, கூட வந்த ஓட்டுச்சில்லுதான் அந்தக் காசுக்குக் காலம் சொல்லியிருக்கும். நான் அதை வரப்பில் இருந்த மத்த ஓடுகளோட சேர வீசிட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். எது எந்த ஓடுன்னு தெரியல. கரூர் ஆறு காசுகளுக்குச் செஞ்சதை நான் நாலே போடில் செஞ்சு முடிச்சிருந்தேன்.

கூட்டம் சொல்லும் சேதி

ஒரு உதாரணம் சொன்னா இது தெளிவாகும். 1898இல் புதுக்கோட்டையில் 501 ரோமானியத் தங்கக்காசுகள் ஒரே குவியலாகக் கிடைச்சது. அதில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. தனியா ஒரு காசு கிடைச்சிருந்தா, 'சேதமான காசு' என்று ஒதுக்கியிருப்போம். 501ஐயும் ஒண்ணாப் பார்த்ததால்தான் அது யாரோ வேணும்னே, முறையா வெட்டியதுன்னு தெரிஞ்சது. ஏன் வெட்டினாங்க என்ற கேள்வியே அதனால்தான் பிறந்தது.

இங்கிலாந்தில் 1992 நவம்பரில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர், விவசாயி ஒருத்தர் தொலைச்ச சுத்தியலைத் தேடி டிடெக்டரோட போனார். காசு வர ஆரம்பிச்சது. கொஞ்சம் எடுத்ததும் நிறுத்திட்டுத் தகவல் சொல்லிட்டார். மறுநாள் தொல்லியல்காரங்க வந்து மண்ணோட சேர்த்து எடுத்தாங்க. கிட்டத்தட்ட 15,000 காசுகள். பெட்டிக்குள் எது எப்படி அடுக்கியிருந்ததுன்னுகூடத் தெரிஞ்சது. சுத்தியலும் கிடைச்சது. இன்னிக்கு அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கு.

அதே நாட்டில் 2015இல் லெம்ஸ்டர் பக்கத்தில் ரெண்டு பேர் ஒரு வைகிங் காலப் புதையலை எடுத்து மறைச்சு வித்தாங்க. சுமார் 300 காசு இருந்திருக்கலாம் என்று கணிச்சாங்க. முதலில் மீட்க முடிஞ்சது முப்பது சொச்சம்தான். 2019இல் ஒருத்தருக்குப் பத்து வருஷம், இன்னொருத்தருக்கு எட்டரை வருஷம் தண்டனை. மேல்முறையீட்டில் பிறகு குறைஞ்சது. சிதறிய குவியல் மட்டும் முழுசாத் திரும்பல.

மூணு ரூபாய் அறுபது காசு

நேர்மையா இருக்கச் சொல்றது சுலபம். கணக்குப் போட்டுப் பாருங்க. எரிக் லாஸுக்குக் கிடைச்ச பரிசு பதினேழரை லட்சம் பவுண்டு. அங்கே சந்தை மதிப்பில் பரிசு தர்றாங்க. நம்ம 1878 சட்டத்தில் அரசாங்கம் எடுத்துக்கிட்டா தர வேண்டியது உலோகத்தின் விலை, அதோடு ஐந்தில் ஒரு பங்கு. என் காசு 3 கிராம் இருக்கும். செம்பு கிலோ ஆயிரம் ரூபாய்னு வெச்சாலும் 3 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தா 3 ரூபாய் 60 காசு. காசு வியாபாரி இதைவிடப் பல மடங்கு தருவார், கேள்வியும் கேட்க மாட்டார். அப்போ எத்தனை பேர் மனு எழுதுவாங்க?

பெரியப்பாவுக்குப் பணம் ஒரு பிரச்சினையே இல்லை. "சொன்னா நெலத்த எடுத்துக்குவாங்களா தம்பி?" இதுதான் அவர் பயம். சட்டத்தை எடுத்துக் காட்டினேன். அது பொருளைப் பத்தித்தான் பேசுது, நிலத்தைப் பறிக்கச் சொல்லலை. அவர் ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "நீங்க எழுதுங்க, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். கிடைச்ச இடம், தேதி, ஜிபிஎஸ் புள்ளி எழுதி, ஆழத்துக்கு நேரே 'அளக்கவில்லை' என்று எழுதினேன். அதை எழுத வெட்கமா இருந்தது. கிராம நிர்வாக அலுவலர், "இத்தனூண்டு காசுக்கா சார் மனு?" என்று சிரிச்சார். ஆனா காசை வாங்கிக்கிட்டு, ரெண்டு பேருக்கும் ஒப்புதல் எழுதித் தந்தார்.

உங்களுக்குக் கிடைச்சா

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ, கிணறு தூர் வாரும்போதோ இது யாருக்கும் நடக்கலாம். தோண்டறதை நிறுத்துங்க. இடத்திலேயே வெச்சு, பக்கத்தில் ஒரு ஸ்கேலோட போட்டோ எடுங்க. ஆழத்தை அளந்து எழுதுங்க. கூட இருக்கிற ஓடு, கரி எதையும் வீசாதீங்க. தேய்க்காதீங்க, கழுவாதீங்க. அப்புறம் தகவல் கொடுங்க. நான் சொன்ன மூணாவது விதி இதுதான்.

தோண்டவே வேணாம், இன்னொண்ணு செய்யலாம். உங்க வீட்டு உண்டியலிலோ பீரோவிலோ பாட்டி வெச்ச பழைய காசு இருந்தா, அது எந்த ஊரில், எந்தக் காட்டில் கிடைச்சதுன்னு தெரிஞ்சவங்களை இன்னிக்கே கேட்டு, ஒரு தாளில் எழுதிக் காசோட சேர்த்து மடிச்சு வையுங்க. எங்க பெரியம்மா சொல்றாங்க, அவங்க மாமியார்கிட்ட இதே மாதிரி சதுரக் காசு ஆறேழு இருந்துச்சாம். எங்கே எடுத்ததுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். யாரும் கேட்கலை.