ஏற்றுதலும் தாங்குதலும்

பாரத்தை உயர்த்துதல் ஒரு தொழில். உயர்த்திய பாரத்தைத் தாங்கி நிற்றல் பிறிதொரு தொழில். இவ்விரண்டினையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே, வீட்டு முற்றத்தில் மோட்டார் வண்டியைப் பழுதுபார்க்கப் புகுவோர் சிலர் தம் உயிரை இழக்க நேர்கின்றது. சரியும் வண்டி முன்னறிவித்தல் செய்வதில்லை. கீழே கிடப்பவன் விலகுதற்குரிய காலத்தையும் அது கொடுப்பதில்லை. ஆதலின் வண்டியை உயர்த்தும் ஜாக்கி எவ்வாறு தொழிற்படுகின்றது, அதனை எத்துணை நம்பலாம், உயர்த்திய வண்டியை எதன்மீது நிறுத்துதல் வேண்டும் என்பனவற்றைப் பௌதிக விதிகளோடு பொருத்தி ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி நம்மவர்க்குப் புறம்பானதன்று. 1950களில் இலங்கைக்கு வந்த ஒஸ்ரின், மொறிஸ் மைனர் வண்டிகள் பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் வாடகைக்கு ஓடின. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் பெற்றோல் அரிதாகவே, அவை மண்ணெண்ணெய் கொண்டும் ஓட்டப்பட்டன. பழுதுபார்ப்போரின் கைத்திறனே அவற்றின் ஆயுளை நீட்டியது. அக்கைத்திறனோடு காரண அறிவும் சேருமாயின் பழுதுபார்ப்பவரின் ஆயுளும் காக்கப்படும்.

ஒருவர் தம் கைவலியால் ஒரு வண்டியின் பக்கத்தை உயர்த்துவது எங்ஙனம்? நீரியல் ஜாக்கியின் அடிப்படை, பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட விதியாகும். அவர் மறைந்த பின்னர் 1663இல் வெளிவந்த நூலில் அது விளக்கப்பட்டுள்ளது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்பதே அவ்விதி. இதனை யந்திரமாக்கி, 1795இல் யோசப் பிரமா என்னும் ஆங்கிலேயர் நீரியல் அமுக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய நீரியல் ஜாக்கி அதன் வழித்தோன்றலே.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். ஜாக்கியின் கைப்பிடியை ஒருவர் 3 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையால் அழுத்துகின்றார் எனக் கொள்க. கைப்பிடி ஒரு நெம்பாதலின், அவ்விசை பத்து மடங்காகிச் சிறிய ஆடுதண்டில் 30 கிலோகிராமாகச் செயற்படும். சிறிய ஆடுதண்டின் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றரும் பெரியதன் பரப்பு 20 சதுர சென்ரிமீற்றரும் ஆயின், பெரிய ஆடுதண்டு 600 கிலோகிராம் பாரத்தை உயர்த்தும். உராய்வால் நேரும் இழப்பு ஈண்டுக் கணிக்கப்படவில்லை. ஆயினும் இயற்கை எதனையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. சிறிய ஆடுதண்டு 2 சென்ரிமீற்றர் இறங்கினால் பெரியது 1 மில்லிமீற்றரே உயரும். விசையிற் பெற்ற இலாபத்தைத் தூரத்தில் இழக்கின்றோம்.

இனி, அந்த 600 கிலோகிராம் பாரத்தையும் உயரத்தில் நிறுத்திவைப்பது யாது? உள்ளே அடைபட்ட எண்ணெயே. அவ்வெண்ணெய் வெளியேறாவண்ணம் காப்பன ஒரு றப்பர் வளையமும் ஒரு சிறு வால்வுமே. வளையம் தேய்ந்தாலும், வால்வின் இருக்கையில் ஒரு துகள் மணல் சிக்கினாலும், எண்ணெய் கசிந்து பாரம் இறங்கும். திருகு ஜாக்கியில் இக்குறை இல்லை. திருகுப் புரிகளின் உராய்வு பாரத்தைத் தானே இறங்கவிடாது. ஆயின் வண்டியோடு தரப்படும் திருகு ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கையளவினதே. உயரம் மிகுந்து அடி குறுகிய எப்பொருளும் பக்க விசைக்கு ஆற்றாது கவிழும். எனவே ஜாக்கி எவ்வகையினதாயினும், அது ஏற்றுங்கருவியே அன்றித் தாங்குங்கருவி அன்று என்பது பெறப்படும். ஜாக்கி ஒன்றை மட்டுமே நம்பி வண்டியின் கீழ்ப் புகுதல் ஒருபோதும் தகாது.

வண்டியை உயர்த்துமுன் அதனை உருளாது தடுத்தல் வேண்டும். கைப்பிரேக்கைப் போட்டால் அமையும் எனப் பலர் எண்ணுவர். பெரும்பாலான வண்டிகளில் கைப்பிரேக்கு பிற்சில்லுகளை மட்டுமே பற்றுகின்றது. பின்புறத்தை உயர்த்தினால் நிலத்தில் நிற்கும் முற்சில்லுகளுக்கு அதனால் எத்தடையும் இல்லை. கியரில் விடுதலும் முழுக் காப்பாகாது. எஞ்சினால் இயக்கப்படும் இரு சில்லுகளுள் ஒன்றினை உயர்த்திய நிலையில், அவற்றிடையே உள்ள டிபரன்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதி, உயர்ந்த சில்லு ஒரு திசையிற் சுழலவும் நிலத்திலுள்ள சில்லு மறுதிசையில் உருளவும் இடங்கொடுக்கும். ஆதலின் கைப்பிரேக்கும் கியரும் இருப்பினும், நிலத்தில் நிற்கும் சில்லுகளின் முன்னும் பின்னும் ஆப்பு வடிவான கட்டைகளை இறுக வைத்தல் வேண்டும். தேர்ச் சில்லுக்கு முட்டுக்கட்டை இடுவோரைத் திருவிழாக்களிற் கண்ட நமக்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அடுத்து நோக்கற்பாலது நிலம். சமதளமான கொங்கிறீற்றுத் தரையே சிறந்தது. சரிவில் நின்ற வண்டியை உயர்த்தலாகாது. மணலும், மழையில் ஊறிய செம்மண்ணும், வெயிலில் இளகிய தாரும் பாரத்தால் அமிழ்ந்துபோகும். காரணம் அமுக்கத்தின் மிகுதியே. 250 கிலோகிராம் பாரம் ஏற்ற ஓர் இரும்புத் தாங்கியின் நான்கு பாதங்களும் தனித்தனி 4 சதுர சென்ரிமீற்றர் பரப்புடையன எனின், நிலத்தின்மீது சதுர சென்ரிமீற்றருக்கு 15 கிலோகிராமுக்கு மேற்பட்ட அமுக்கம் உண்டாகும். காற்றடைத்த ரயர் கொடுப்பதோ ஏறக்குறைய 2 கிலோகிராமே. அத்தாங்கியின் கீழ் 30 சென்ரிமீற்றர் சதுரமான தடித்த பலகையை இட்டால், பாரம் 900 சதுர சென்ரிமீற்றரிற் பரந்து, அமுக்கம் 0.3 கிலோகிராமுக்குங் குறைந்துவிடும். மென்னிலத்தில் ஜாக்கிக்கும் அவ்வாறே பலகை இடுதல் வேண்டும்.

வண்டியின் எவ்விடத்திலும் ஜாக்கியைக் கொடுக்கலாம் என்பதும் தவறு. ஒஸ்ரின் ஏ40 சொமசெற் போன்ற பழைய வண்டிகளுக்குத் தனியாக இரும்புச் சட்டகம் உண்டு. மொறிஸ் மைனருக்கும் இன்றைய கார்களிற் பெரும்பாலனவற்றுக்கும் உடலே சட்டகமாகும். அவற்றின் அடித்தகடு மெல்லியது. வண்டிக்குரிய கைந்நூல் குறிக்கும் இடங்களிலேயே ஜாக்கியைப் பொருத்துக. எண்ணெய்த் தொட்டி, குழாய்கள், தரைத் தகடு என்பனவற்றின்மீது பாரம் விழலாகாது. கடற்காற்றுப் படும் ஊர்களில், குறித்த இடமும் துருப்பிடித்து வலியிழந்திருக்கக் கூடும். தட்டிப் பார்த்தே ஏற்றுதல் வேண்டும்.

சில்லைக் கழற்ற வேண்டுமாயின், சில்லு நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளைச் சற்று இளக்குக. உயர்த்திய பின்னர் ஸ்பானரை வலிந்து தள்ளும் விசை வண்டியையே ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். உயர்த்தும்போது வண்டியினுள் ஒருவரும் இருத்தல் கூடாது. கதவுகள் மூடியிருத்தல் வேண்டும். வண்டி உயருந்தோறும் அதன் பாரம் தங்கும் இடம் ஒரு வில்போல வளைந்து நகருமாதலின், சில்லுள்ள ஜாக்கி தடையின்றி உருள இடம் வேண்டும். வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அங்குலமேனும் உயர்த்தாதிருத்தல் நன்று.

உயர்ந்தவுடன், வலிய இடங்களின் கீழ் இரும்புத் தாங்கிகளை இருபுறமும் சோடியாக வைத்து, பூட்டாணியைச் செருகி, ஜாக்கியை மெல்லத் தளர்த்திப் பாரத்தைத் தாங்கிகளின்மீது இறக்குக. தாங்கியிற் பொறிக்கப்பட்ட பார அளவு வண்டிக்குப் போதியதா என முன்னரே பார்த்துக்கொள்க. செங்கல்லையும் சீமெந்துக் கல்லையும் அடுக்கி நிறுத்தும் வழக்கம் மிக்க ஆபத்தானது. கல் அமுக்கத்தைத் தாங்கும்; வளைவையும் இழுவிசையையும் தாங்காது. ஒரு முனையிற் பாரம் குவிந்தால் எக்குறியுங் காட்டாது பிளந்துவிடும். தாங்கி இல்லாதவிடத்து, வைரமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, அகலம் உயரத்திற் குறையாவண்ணம் அடுக்கலாம்; மரம் முறியுமுன் நசுங்கியும் நெரிந்தும் குறிகாட்டும்.

பின்னர், வண்டியின் வெளியே நின்றவாறே அதனைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தல் வேண்டும். அசைவு காணின் இறக்கி மீண்டும் நிறுத்துக. அசையாது நின்றாலும், ஜாக்கியை முற்றும் அகற்றாது வண்டியைத் தொட்டும் தொடாமலும் விட்டுவைத்தலும், கழற்றிய சில்லை வண்டியின் ஓரத்தின் கீழ்க் கிடத்தலும் இரண்டாம் மூன்றாம் காவல்களாகும். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருத்தலும் சிறுவரை அண்டவிடாமையும் அவசியம். வேலை முடிந்ததும் கருவிகளை அகற்றி, கீழே எவரும் இல்லை எனக் கண்டபின் வண்டியை மெல்ல இறக்கி, நட்டுகளை எதிரெதிர் முறையில் முற்ற இறுக்குக.

இவையனைத்தையும் செய்தற்குக் கால் மணி நேரம் செல்லும். அமுக்கமும் உராய்வும் நெம்பும் வகுப்பறையிற் கற்கும் மாணவர், அவை தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியின் கீழும் தவறாது தொழிற்படுகின்றன என்பதை உணர்வாராக. அவசரத்தின் பொருட்டு அவ்விதிகள் எவர்க்கும் விலகி நிற்பதில்லை. தாங்கியில் நில்லாத வண்டியின் கீழ் எக்காரணம் பற்றியும் தலையையோ கையையோ நீட்டுவதில்லை என்னும் உறுதியை இன்றே கொள்வார், தம் பெற்றோர்க்கும் மனைவி மக்கட்கும் பெருநன்மை செய்தவராவர்.