இரு சக்கரத்தில் ஓடும் காரும் இரு சக்கரமும் உந்தும் மோட்டார் சைக்கிளும்

நான்கு கால் விலங்கு இரண்டு காலில் நடந்தால் மக்கள் கூடி நின்று பார்ப்பர். நான்கு சக்கரக் கார் இரண்டு சக்கரத்தில் ஓடினாலும் அவ்வாறே. 1971-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ என்னும் ஜேம்ஸ் பாண்ட் படத்தில், லாஸ் வேகாஸ் நகரத்துக் குறுகிய சந்து ஒன்றினுள் கார் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தபடியே நுழைகிறது. வலப்பக்கச் சக்கரங்களின் மேல் உள்ளே சென்ற அக்கார், இடப்பக்கச் சக்கரங்களின் மேல் வெளியே வருகிறது! படமெடுத்தவர்கள் செய்த பிழை அது. ஆனால் வித்தை பொய்யன்று. 1989-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் பெங்ட் நோர்பெர்க் என்பவர் காரை இரண்டு சக்கரங்களின் மேலேயே நிறுத்தாமல் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி, 310 கிலோமீட்டர் கடந்தார்.

இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, அக்கார் ஏன் விழவில்லை என்பது. மற்றொன்று, அது எவ்வாறு தொடர்ந்து ஓடுகிறது என்பது. முதற் கேள்வியைப் பலரும் கேட்பர். இரண்டாவதைக் கேட்பார் சிலரே. எனினும் பொறியியலின் நுட்பம் இரண்டாவதில்தான் மிகுதியும் அடங்கியிருக்கிறது.

முதலில் விழாமையை நோக்குவோம். ஒரு பக்கச் சக்கரங்களைச் சாய்தளப் பலகையில் ஏற்றிக் காரைச் சாய்க்கின்றனர். அதன் ஈர்ப்பு மையம், தரையில் நிற்கும் இரு சக்கரங்களையும் இணைக்கும் கோட்டுக்கு நேர் மேலே வரும்போது சமநிலை கிட்டுகிறது. இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் அகலமும், ஈர்ப்பு மையம் 55 சென்டிமீட்டர் உயரத்திலும் உள்ள காராயின், அது ஏறக்குறைய 54 பாகை சாய வேண்டும். டயரின் அகலமும் ஸ்பிரிங்குகளின் அமுக்கமும் இக்கணக்கைச் சிறிது மாற்றும்.

அந்நிலையில் கார் அசையாமல் நிற்பதில்லை. இப்புறமோ அப்புறமோ விழவே முயல்கிறது. எப்பக்கம் விழுகிறதோ அப்பக்கமே ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார். உடனே சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்கு அடியில் மீண்டும் வந்து சேர்கின்றன. விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தும் சிறுவன், அது சாயும் பக்கம் கையை நகர்த்துவதும் இதுவே. சைக்கிள் ஓட்டுவோர் தம்மையறியாமல் செய்வதும் இதுவே. ஆகவே, இரு சக்கரத்தில் ஓடும் கார் அந்நேரத்துக்கு ஒரு பெரிய சைக்கிள் எனலாம். காரின் முழுப் பாரமும் இரண்டே டயர்களில் இறங்குவதால், அவற்றுள் வழக்கத்தினும் மிகுதியான காற்றை அடைத்துக்கொள்வர்.

இனி, ஓட்டம். தோட்டத்து மண்சாலையில் மழைக்காலத்து லாரி சிக்கிக்கொள்வதைக் காணாதவர் இல்லை. சேற்றில் புதைந்த சக்கரம் வெறிகொண்டு சுழலும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரமோ அசையாது. இதற்குக் காரணம் டிஃபரன்ஷல் என்னும் பற்சக்கரத் தொகுதி. வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் நீண்ட வழியும் உள் சக்கரம் குறுகிய வழியும் செல்கின்றன. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இத்தொகுதி இடங்கொடுக்கிறது. ஆனால் அது இரண்டுக்கும் முறுக்கு விசையைச் சமமாகவே பகிர்கிறது. ஒன்றுக்குப் பிடிப்பே இல்லையாயின், அதைச் சுழற்ற வேண்டிய விசை மிகச் சிறிது. மற்றதற்கும் அதே சிறிதளவுதான் கிடைக்கும். அந்தரத்தில் ஒரு சக்கரம் சுழலும் வித்தைக் காருக்கும் இக்கதியே நேரும். ஆதலால், டிஃபரன்ஷலைப் பூட்டி, இரு பக்கமும் சேர்ந்தே சுழலும்படி செய்துவிடுகின்றனர்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பயன்படுத்திய பி.எம்.டபிள்யூ. ஆர் 75, சுண்டாப் கே.எஸ். 750 ஆகிய பக்கவண்டி மோட்டார் சைக்கிள்களிலும் இவ்வமைப்பைக் காணலாம். அவற்றில் பின்சக்கரத்தோடு பக்கவண்டிச் சக்கரத்துக்கும் எஞ்சினின் ஆற்றல் சென்றது. வேண்டும்போது டிஃபரன்ஷலைப் பூட்டவும் முடிந்தது.

பக்கவண்டியில்லாத மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்தையும் உந்தச் செய்வது இன்னும் கடினம். ஈர மணலில் சைக்கிளை வட்டமாக உருட்டிப் பார்த்தால் காரணம் புலப்படும். முன்சக்கரத் தடம் வெளியிலும் பின்சக்கரத் தடம் உள்ளேயும் விழும். முன்சக்கரம் 30 பாகை திரும்பியிருந்தால், அது பின்சக்கரத்தைவிட ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுதலான வழி உருள்கிறது. இரண்டையும் ஒரே வேகத்தில் சுழலும்படி இறுகப் பிணைத்தால், ஏதேனும் ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து வழுக்கியே தீரும். சாய்ந்து திரும்பும் வண்டிக்கு அவ்வழுக்கல் ஆபத்தாகும்.

இதற்குப் பொறியாளர் கண்ட விடைகளுள் ஒன்று, சைக்கிளில் உள்ள ஃப்ரீவீலே. அமெரிக்காவின் கிறிஸ்டினி நிறுவனத்து வண்டியில், சங்கிலிகளும் பற்சக்கரங்களும் தண்டுகளும் ஸ்டியரிங் தலை வழியாக முன்சக்கரம் வரை ஆற்றலைக் கொண்டு செல்கின்றன. முன் ஃபோர்க்கில் இறங்கும் இரு தண்டுகளும் எதிரெதிராகச் சுழல்வதால், ஹேண்டில் ஒரு பக்கமாக இழுபடுவதில்லை. முன்சக்கரத்துக்கான சுழற்சி பின்சக்கரத்தினும் சற்றுக் குறைவாக அமைக்கப்பட்டுள்ளது. நல்ல தரையில் முன்சக்கரம் ஃப்ரீவீலால் தானே உருள்கிறது. பின்சக்கரம் வழுக்கி விரைவாகச் சுழன்றால்தான் முன்சக்கரமும் உந்தத் தொடங்குகிறது.

மற்றொரு விடை எண்ணெய் அழுத்தம். யமஹா நிறுவனத்தின் ‘டூ-டிராக்’ வண்டியில், எஞ்சினால் இயங்கும் பம்பு எண்ணெயைக் குழாய் வழியே செலுத்த, முன்சக்கர நடுவிலுள்ள சிறு மோட்டார் அதனால் சுழன்றது. 2004-ஆம் ஆண்டு டக்கார் பந்தயத்தில் அத்தகைய வண்டி பாலைவன மணலில் ஓடியது. அமெரிக்க ரோக்கன் வண்டியோ வேகத்தை நாடாதது. மலைக்காடுகளில் மெல்ல ஏறுவதற்கென்றே அமைந்தது. அதன் சக்கரங்களின் நடுப்பகுதி உள்ளீடற்ற உருளை. அதில் தண்ணீரோ எரிபொருளோ நிரப்பலாம். வெறுமையாக விட்டால் வண்டி நீரில் மிதக்கும்.

இவ்வளவு சிறப்பிருந்தும் இவை ஊரெங்கும் பரவவில்லை. எடை கூடுகிறது, விலை ஏறுகிறது; தார்ச்சாலையிலோ பயன் குறைவு. எல்லாச் சக்கரமும் உந்தினால் வண்டி வழுக்கவே வழுக்காது என்று எண்ணுவது தவறு. தரை தரக்கூடிய பிடிப்புக்கு ஓர் எல்லையுண்டு. கூடுதல் உந்துசக்கரம் ஏறுவதற்கும் புறப்படுவதற்கும் துணை செய்யுமே தவிர, பிரேக் போட்டு நிறுத்தும் தூரத்தை அது குறைத்துவிடாது. மழை பெய்த சாலையில் உயிர் காப்பது இந்த வேறுபாட்டை அறிவதே.

வித்தைக்காரன் மூடிய திடலில், திருத்தியமைத்த வண்டியில், பலகாலப் பயிற்சியோடு செய்வதைத் திரையில் பார்த்துச் சாலையில் செய்ய முனையும் இளைஞரைக் ‘கூடாது’ என்னும் ஒரு சொல்லால் மட்டும் தடுக்க இயலாது. ஈர மணலில் இரு தடங்களைக் காட்டி, விளக்குமாற்றை உள்ளங்கையில் நிறுத்தச் சொல்லி, எங்கே பிடிப்பு முடிகிறது என்பதை உணரச் செய்தால், காரணம் அறிந்த மாணாக்கன் தன்னைத் தானே காத்துக்கொள்வான்.