பெருங்காயம் பெயர் கொடுத்த அமிலம்

தமிழர் எந்த ஊரில் குடியிருந்தாலும், ரசத்தின் பெருங்காய வாசனை அந்த வீட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் பெருங்காயம் தமிழ்நாட்டில் விளையும் பொருளன்று. ஆப்கானிஸ்தான், ஈரான் மலைச்சரிவுகளில் வளரும் ‘ஃபெருலா’ என்ற செடியின் வேரைக் கீறினால் வடியும் பாலே காய்ந்து பெருங்காயமாகிறது. நம் நாட்டில் அதைப் பயிரிடும் முயற்சி 2020-ல்தான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது.

1866-ல் இந்தப் பிசினிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். செடியின் பெயரே அதற்கும் அமைந்தது: ஃபெருலிக் அமிலம். பெருங்காயத்தின் நெடிக்குக் காரணம் இதுவல்ல. அது கந்தகச் சேர்மங்களின் வேலை.

ஃபெருலிக் அமிலம் ‘ஃபீனாலிக் அமிலங்கள்’ என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. நெல்லிக்காயில் உள்ள காலிக் அமிலமும் காபிக்கொட்டையில் உள்ள குளோரோஜெனிக் அமிலமும் இதன் உறவினர்களே. அரிசி, கோதுமை மணிகளின் மேலுறையில் ஃபெருலிக் அமிலம் நிறைய உண்டு. அங்கே அது நார்ச்சத்தின் இழைகளை ஒன்றோடொன்று தைத்து, செல் சுவரை உறுதியாக்குகிறது. பூச்சியும் பூஞ்சையும் எளிதில் உள்ளே புகமுடியாது. அரிசியைத் தீட்டும்போது இதில் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுகிறது.

அந்தத் தவிட்டிலிருந்து இன்று ஐஸ்கிரீமுக்கு மணம் எடுக்கிறார்கள் என்றால் வியப்பாக இருக்கும். ஃபெருலிக் அமிலத்தின் வால்பகுதியில் மூன்று கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றில் இரண்டை நீக்கினால் கிடைப்பது வெனிலின், அதாவது வெனிலாவின் மணப்பொருள். இந்த வேலையைச் சில பாக்டீரியாக்கள் தாமாகவே செய்கின்றன. சிக்கல் என்னவென்றால், வெனிலின் அதிகமானால் அவற்றுக்கே நஞ்சு. மேலும் அதை அவை வேறு பொருளாக மாற்றியும் விடும். அந்த மாற்றத்தைத் தடுக்கும் வகையில் மரபணுக்களைத் திருத்துவது உயிர்த்தொழில்நுட்பத்தின் பங்கு. உலகில் விற்கும் வெனிலினில் பெரும்பகுதி பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து வருவதால், தவிட்டு வழிக்குத் தனி மதிப்பு உண்டு.

இது உடம்புக்கு மருந்தா? சோதனைக் குழாயில் நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக இருப்பதை மட்டும் வைத்து, நோய் தீர்க்கும் என்று சொல்லிவிட முடியாது. தானியத்தில் இது நாரோடு பிணைந்திருப்பதால், பெரும்பாலும் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களே இதை விடுவிக்கின்றன. அந்த பாக்டீரியாக்களுக்கு நாரும் உணவாகிறது. எனவே மாத்திரையைத் தேடுவதைவிட, சப்பாத்தி மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டாமல் இருப்பதே எளிய வழி. காசும் மிச்சம்.