கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் ஏன்?

குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவர் ஃபோலிக் அமில மாத்திரை எழுதித் தருகிறாரே, கரு தங்கிய பிறகு சாப்பிட்டால் போதாதா?

போதாது. கருவுக்கு அவ்வளவு அவசரம்!

சோமாசிக்கு மாவை மடித்து, ஓரங்களை அழுத்தி ஒட்டுகிறோம் அல்லவா? கருவிலும் தட்டையான ஒரு செல் படலம் மடிந்து, ஓரங்கள் ஒட்டிக் குழாயாகிறது. பின்னர் அதுவே மூளையும் தண்டுவடமும்.

செல்கள் வேகமாகப் பெருகினால்தான் ஓரங்கள் சேரும். பெருகும் ஒவ்வொரு செல்லும் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க ஃபோலேட் வேண்டும்; அதன் மாத்திரை வடிவமே ஃபோலிக் அமிலம்.

கருவுற்றுச் சுமார் 28 நாளில் குழாய் மூடிவிடும். மாதவிலக்கு தள்ளிப்போனதை நீங்கள் கவனிக்கும்போதே அதில் பாதி நாட்கள் போயிருக்கும்!

ஆகவே ஃபோலேட் உள்ள கீரை, பயறு, கொண்டைக்கடலையுடன், கருத்தரிக்க முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கான அளவை மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.