புல்வெட்டியும் கோப்பி எந்திரமும்

பேராதனைப் பூங்காவிற்குச் சென்று வந்த நேயர்கள், அங்குள்ள பெரும் புல்வெளியையும் அதிலே கிளை பரப்பி நிற்கும் ஜாவா அத்திமரத்தையும் மறந்திருக்கமாட்டார்கள். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோடும் அவ்விடத்திலே மழைக்குக் குறைவில்லை; ஆகவே புல்லுக்கும் குறைவில்லை. அப்புல்லை வெட்டும் தொழிலாளியை நாம் காண்கின்றோம். அவன் கையிலுள்ள எந்திரத்தை எங்கோ ஒரு தொழிற்சாலையிற் பூட்டி முடித்தவனை யார் நினைக்கின்றார்கள்?

அவனுக்கு இது நல்ல காலமன்று.

புல்வெட்டும் எந்திரத்தை 1830ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஆக்கியவர் எட்வின் பட்டிங். துணியாலையில் கம்பளித் துணியின் பிசிரைக் கத்தரிக்கும் பொறியைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் உதித்ததாம். பின்னாளில் அதிலே பெற்றோல் எந்திரம் பூட்டப்பட்டது. அத்தகைய சிறு எந்திரங்களுக்குப் பெயர் பெற்றது, அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் 1908இல் தொடங்கிய பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனம். கடன் சுமை தாங்காது 2020 ஜூலையில் அது வங்குரோத்து மனுக் கொடுத்துக் கைமாறிற்று. 2022 ஒக்டோபரில் சுவீடன் நாட்டு ஹஸ்க்வர்னா நிறுவனம் சுமார் 1,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. பெற்றோலை விட்டு மின்கலத்துக்கு மாறுவதே பெரும்பகுதிக்குக் காரணம். மின் எந்திரத்திலே பாகங்கள் குறைவு. பாகங்கள் குறைந்தால் அவற்றைச் செய்யும் கைகளும் குறையுமல்லவா?

இஃது ஏதோ தூரதேசத்துக் கதையென்று கண்டிவாசிகள் ஒதுக்கிவிட இயலாது. இதே சங்கடத்தைக் கண்டி நகரம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அனுபவித்திருக்கின்றது.

அக்காலத்திலே மலைநாடெங்கும் கோப்பித் தோட்டங்கள். கோப்பிப் பழத்தின் தோலையும் சதையையும் உரித்துக் கொட்டையை எடுக்க எந்திரம் வேண்டும். அவ்வெந்திரத் தொழிலை நம்பி ஜோன் வோக்கர் என்பவர் 1854இல் கண்டியிலே தமது நிறுவனத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் பெருகின, எந்திரங்களும் விலைப்பட்டன. 1869இல் வந்தது இலைத்துரு நோய். நோயுற்ற இலைகளை ஆராய்ச்சிக்கென இங்கிலாந்துக்கு அனுப்பியவர், நாம் மேலே கூறிய பேராதனைப் பூங்காவின் அதிபராயிருந்த துவைட்ஸ் அவர்களே. நோய்க்குப் பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்குள் கோப்பிச் செல்வம் அழிந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியும் 1884இல் முறிந்தது.

வாங்குவாரற்ற எந்திரத்தை எவர்தாம் செய்வார்? ஆயினும் வோக்கர் நிறுவனம் வீழ்ந்துவிடவில்லை. ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை மெல்ல மெல்ல மலைகளை மூடிற்று. கோப்பி எந்திரம் செய்தவர்கள் தேயிலை எந்திரம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். முதலும் பட்டறையும் உள்ளவனுக்குத் தொழிலை மாற்றிக்கொள்வது இயலும்.

கைகளை மட்டுமே முதலாகக் கொண்டவன் என் செய்வான்? தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பித் தொழிலாளர் பலருக்குச் சம்பளப் பாக்கியே மிஞ்சியது. ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். கோப்பி பருவகாலப் பயிர். பழம் பறித்து முடிந்தால் ஆட்களை அனுப்பிவிடலாம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே அதற்கென வந்தவர்கள் மனைவி மக்களோடு வந்து, லயங்களிலே குடியேறினார்கள்.