பழி யாருடையது?

ராஜபாளையத்தில் வெள்ளை வேட்டை நாய்க் குட்டி வாங்க வருகிறவர்கள் குட்டியை மட்டும் பார்த்துத் திருப்தி அடைவதில்லை. தாய் எது, தகப்பன் எது என்று இரு பக்கமும் விசாரித்த பிறகே விலை பேசுவார்கள். 2005-ம் வருஷம் தபால் தலையிலும் இடம் பெற்ற அந்த நாய்க்குக் காட்டும் நியாயத்தை நம் பெண்மக்களுக்குக் காட்டுகிறோமா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதவிலக்குத் தவறுதல், முகத்தில் ரோமம் வளர்தல், ஓயாத முகப்பரு, குழந்தைப் பேறு தாமதித்தல் ஆகியவற்றை விளைவிக்கும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பல வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசப்படுகிறது. பெண் பள்ளியில் படிக்கும்போது, "உட்கார்ந்தே தின்கிறாய், அதனால்தான்!" என்று ஏச்சு. புகுந்த வீட்டிலோ, "தாய்க்காரி சீக்கை மறைத்துத் தள்ளிவிட்டாள்" என்று ஏச்சு. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பேருக்கு இக்கோளாறு உண்டென்றும், அவர்களில் 70 சதவீதம் வரை அதை அறியாமலே இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. உண்மையில் அவை கட்டிகளும் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட கருமுட்டைப் பைகளே.

1935-ல் சிகாகோ வைத்தியர்களான ஸ்டைன், லெவெந்தால் இருவரும் ஏழு பெண்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 2006-ல் நெதர்லாந்தில் இரட்டைப் பிறவிகளை ஆராய்ந்தபோது ஒரு துப்புக் கிடைத்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிடம் இக்கோளாற்றின் ஒற்றுமை அளவு 0.71; மற்ற இரட்டையரிடமும் சாதாரணச் சகோதரிகளிடமும் 0.38 மட்டுமே. ஒரே வீட்டில் ஒரே சோறு உண்டு வளர்ந்தவர்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்குமானால், பெரும்பங்கு பரம்பரையினுடையது என்பதில் ஐயமில்லை. 2011-ல் சீன விஞ்ஞானிகள் மரபணுத் தொகுதியில் இதற்குரிய மூன்று இடங்களைக் கண்டார்கள். 2018-ல் ஐரோப்பிய வம்சத்தினரிடம் நடந்த பெரிய ஆராய்ச்சி 14 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பலமும் சொற்பம். பல சேரும்போதுதான் கோளாறு தலைகாட்டுகிறது.

இவை தாய்வழியாக மட்டும் வருவன அல்ல. "தாயைப் போலப் பிள்ளை" என்ற பழமொழி இங்கே பாதி உண்மைதான். தகப்பனுக்குச் சினைப்பை இல்லை. ஆகவே அதே மரபணுக்கள் அவரிடம் சர்க்கரை வியாதியாகவோ, பருத்த உடலாகவோ, இளவழுக்கையாகவோ வெளிப்படக்கூடும். மருமகளின் தாயாரைக் குறுக்கு விசாரணை செய்கிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

பரம்பரை என்றால் தலைவிதி என்று கொள்ள வேண்டாம். சிவகாசிக்கு அருகில் வாழும் நமக்கு உவமைக்குப் பஞ்சமில்லை. வெடிக்குள் மருந்தை அடைத்து வைப்பது பரம்பரை. திரியில் நெருப்பு வைப்பதில் தித்திப்புக்கும் சோம்பலுக்கும் பங்குண்டு. மெலிந்த பெண்களுக்கும் இது வருகிறதாகையால் பால்கோவாவின் மேலேயே பழியைப் போட்டுவிட முடியாது. ஆயினும், உடல் பருத்தவர்கள் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்குச் சீர்ப்படுகிறது.

பெண் பூப்பெய்திய முதல் இரண்டொரு வருஷங்களில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பே. அதற்குப் பின்னும் நீடித்தால், முக்கியமாகக் குடும்பத்தில் சர்க்கரை வியாதி இருந்தால், கூச்சமின்றி வைத்தியரிடம் அழைத்துப் போகவேண்டும். கருமுட்டை முதிர்வதற்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அவற்றின் உதவியால் தாயானவர்கள் அநேகர்.

ஆடிப்பூரத்தன்று ஆண்டாளுக்குத் தேர் இழுக்கும் ஊரில், வீட்டுப் பெண்ணைத் தலைகுனிய வைப்பது தகுமா?