கூச்சத்தை விட்டுப் பேசுவோம், தோழிகளே!

முடி உதிர்வது, மூட்டு வலி, மாதவிலக்குத் தொல்லை என்று எத்தனையோ பேர் இந்தப் பகுதிக்கு எழுதுகிறார்கள். சிறுநீர்த் தொல்லையால் கணவன்-மனைவி உறவே கசந்து போவதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் நானே எழுதத் துணிந்தேன். எனக்கு வயது 52. திருமுல்லைவாயலில் வசிக்கும் குடும்பத் தலைவி.

என்னுடைய இரண்டாவது பிரசவம் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். அதற்குப் பிறகு இருமினாலும், தும்மினாலும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போய்விடும். பகலில் துணி வைத்துச் சமாளித்தேன். ராத்திரி என்றால்தான் பயம். அந்த நேரத்தில் கசிந்து, வாடை அடித்து, அவர் முகம் சுளித்துவிட்டால் என்ன செய்வது? "தலைவலி", "அசதி", "பிள்ளை முழிச்சுக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் ஓடிவிட்டன. "என் மேலே உனக்கு இஷ்டமே இல்லையா?" என்று அவர் ஒருநாள் கேட்டேவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

எங்கள் வீட்டு மாடியில் புதுசாகக் கல்யாணமான பெண் ஒருத்தி குடியிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. "லைன்ல உக்காந்தா எழுந்திரிக்க முடியாதுக்கா. ரெண்டு தடவை பாத்ரூம் போனா சூப்பர்வைசர் முறைப்பாரு" என்பாள். அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். அவளுக்கு மாதாமாதம் நீர்க்கடுப்பு. எரிச்சல், அடிவயிற்று வலி. கணவனோடு சேரும்போது உயிர் போகிற வலி. மறுநாளே திரும்பவும் கடுப்பு. மாமியார் "உடம்புச் சூடு" என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்தார். கணவனுக்கோ, இது ஏதோ தகாத வழியில் வந்த நோயோ என்று சந்தேகம். "இதை அவருகிட்ட எப்படிக்கா புரிய வைக்கிறது?" என்று என்னிடம் வந்து அழுதாள்.

அவளை அழைத்துக்கொண்டு எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனேன். போன இடத்தில் என் கதையையும் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

பெண்களுக்குச் சிறுநீர்த் தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளம்தானாம். ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர். நமக்கு மலத் துவாரமும் பக்கத்திலேயே இருப்பதால், குடலில் வாழும் ஈ.கோலி என்ற கிருமி சுலபமாக மூத்திரப் பைக்குள் ஏறிவிடுகிறது. தாம்பத்திய உறவின்போது அது உள்ளே தள்ளப்படுவதும் உண்டு. புதுமணப் பெண்களிடம் அதிகம் காணப்படுவதால் இதற்குத் 'தேனிலவு நீர்க்கடுப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆக, இது யாருடைய நடத்தைக் குறையும் இல்லை.

உறவு முடிந்ததும் எழுந்து போய்ச் சிறுநீர் கழித்துவிட வேண்டும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். சிறுநீரை அடக்கக் கூடாது. இளநீரும் பார்லித் தண்ணீரும் குடிக்கலாம், ஆனால் கிருமி இருந்தால் மருந்துதான் தீர்வு. சிறுநீரைச் சோதித்து, தேவைப்பட்டால் 'கல்ச்சர்' பார்த்து மாத்திரை தருவார்கள். எரிச்சல் நின்றதும் நடுவில் நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். அதுவரை கணவனும் பொறுத்திருப்பது நல்லது. குளிர்க்காய்ச்சல், இடுப்புக்கு மேலே முதுகு வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கர்ப்பிணிகளும் நீர்க்கடுப்பை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

எனக்கு வந்தது வேறு. பிரசவத்தில் அடி இடுப்புத் தசைகள் தளர்ந்துபோனதால் வந்த கசிவு. அதற்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-ல் எழுதிய பயிற்சியாம். சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போல அடித் தசையை உள்ளிழுத்து, 5 எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்கு 10 முறை, நாளைக்கு மூன்று தடவை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது இதைச் செய்யக் கூடாது. காய் நறுக்கும்போதும் டி.வி. பார்க்கும்போதும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். எனக்கு முக்கால்வாசி நின்றுவிட்டது. உறவுக்கு முன்பே சிறுநீர் கழித்துவிட்டால் மீதிப் பயமும் குறைகிறது.

மாதவிலக்கு நின்ற பிறகு அந்த இடம் வறண்டு, எரிச்சலும் அடிக்கடி சிறுநீரும் வருவதுண்டு. அதற்கும் டாக்டர் எழுதித் தரும் களிம்பு இருக்கிறது. "வயசாச்சு, இனிமே என்ன" என்று பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "நான் வேற என்னென்னவோ நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். மாடி வீட்டுப் பெண்ணின் கணவனையும் அடுத்த முறை டாக்டரம்மாவிடம் வரவழைத்தோம். அவர் வாயால் கேட்டதும் சந்தேகம் தீர்ந்தது.

வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. தொழிலாளர்கள் எந்த நேரமும் போகும்படி கழிப்பறை இருக்க வேண்டும், பெண்களுக்குத் தனியாக இருக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. கடைகளில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஒருத்தியாகக் கேட்கப் பயமாக இருந்தால், நாலு பேர் சேர்ந்து கேளுங்கள்.

அரசு மருத்துவமனையில் சிறுநீர்ச் சோதனைக்குக் காசு கிடையாது. கூச்சத்தைப் பார்க்காமல் போய் வாருங்கள். மகளைக் கட்டிக்கொடுக்கும் தாய்மார்கள், சீர்வரிசையோடு இந்த விஷயத்தையும் அவள் காதில் போட்டு அனுப்புங்கள்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருமுல்லைவாயல்.